டர்பன் வீட்டுப் பழுதுகளை நீங்களே பார்க்க ஒரு தொடக்க வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் தாத்தா காலத்து வீட்டை இப்போது பொறுப்பில் எடுத்திருக்கும் இளையவர்களுக்கும், சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலைக்கு வந்து இங்கே குடியமர்ந்தவர்களுக்கும் வீட்டுப் பழுது என்றதும் வரும் கேள்வி ஒன்றுதான்: எதை நாமே செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்? சுத்தியல் பிடித்தே பழக்கமில்லாத ஒருவரை மனதில் வைத்து அதற்குப் பதில் எழுதுகிறேன்.

டர்பனில் வீட்டைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: தண்ணீர், கடற்காற்றில் வரும் உப்பு. ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டிவிடும். கோடையில் காற்றே ஈரமாக இருக்கும். அதனால் இங்கே பழுது பார்ப்பதில் பாதி வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே பூசி மறைத்தால் அடுத்த மழைக்கே கறை திரும்ப வந்துவிடும், பெயிண்ட் வாங்கிய காசும் போய்விடும்.

நிறுத்தும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

குடிவந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இது. தண்ணீர் மீட்டர் பெரும்பாலும் வீட்டு எல்லையை ஒட்டி, நடைபாதை ஓரத்தில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வான ஸ்டாப்காக்கும் அங்கேயே இருக்கும். சில வீடுகளில் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்றும் உண்டு. சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டாப்காக்கை மூடிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் சரி. பல வருடமாகத் தொடாத வால்வ் இறுகிப் போயிருக்கும். நீளமான குழாயை மாட்டி நெம்பாதீர்கள், தண்டு முறிந்துவிடும். கொஞ்சம் திறப்பது, கொஞ்சம் மூடுவது என்று முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

மீட்டரை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் பிடிக்கும் முன், காலையில் மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. முதல் சந்தேகம் கழிப்பறைத் தொட்டிமேல் இருக்கட்டும், அப்புறம் தரைக்கடியில் போகும் குழாய்.

அடுத்து மின்சாரம். டிபி என்று எல்லோரும் சொல்லும் பெட்டியில் மெயின் சுவிட்ச், எர்த் லீக்கேஜ், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன பிரேக்கர் என்று இருக்கும். ஒவ்வொன்றாக அணைத்து எது எதை நிறுத்துகிறது என்று பார்த்து, வீட்டில் எல்லோரும் படிக்கும் மொழியில் எழுதி ஒட்டுங்கள். பாட்டிக்குத் தமிழ்தான் வாசிக்க வரும் என்றால் தமிழில் எழுதுங்கள். இருட்டில், அவசரத்தில் பார்க்கப் போகிற பெட்டி அது.

எர்த் லீக்கேஜ் என்பது 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடும்படி செய்யப்பட்ட சுவிட்ச். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பல வீடுகளில் அது சாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் காவல். விளக்குச் சுற்றும் கீசரும் அதற்கு வெளியே இருக்கும். எர்த் லீக்கேஜ் இருக்கிறதே என்று நம்பி பல்பு ஹோல்டருக்குள் விரலை விடாதீர்கள்.

அது அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தால் சாக்கெட்டில் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பழைய ஃப்ரிட்ஜ் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் நிற்கவில்லை என்றால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. மழையில் நனைந்த வெளிப்புற சாக்கெட்டாகவும் இருக்கலாம். அதற்கு மேல் நீங்கள் தேடிப் போக வேண்டாம்.

நீங்கள் தொடக் கூடாதவை

பயமுறுத்த இதை எழுதவில்லை. இந்த வேலைகளில் உயிர் போகும், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

டிபி பெட்டிக்குள்ளும் சுவருக்குள் ஓடும் வயரிங்கிலும் கை வைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் மின் அமைப்புக்கு இணக்கச் சான்றிதழ் உண்டு, ஊரில் சிஓசி என்பார்கள். பதிவுபெற்றவர்தான் அதைத் தர முடியும். வீடு கைமாறும்போது இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இல்லாத சிஓசி வேண்டும். நீங்களாக இழுத்த வயர் அன்றைக்குப் பிரச்சினையாக வந்து நிற்கும். தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வியும் அதுவே. சமையல் கேஸ் குழாயும் அப்படித்தான், அதற்குத் தனிச் சான்றிதழ்.

கீசரும் வேண்டாம். இங்கே கீசர் என்பது கூரைக்குள், சீலிங்குக்கு மேலே படுத்திருக்கும் பெரிய தொட்டி. உள்ளே அழுத்தத்தோடு சுடுநீர் நிற்கிறது. அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வ், பாதுகாப்பு வால்வ், சொட்டுத் தட்டு எல்லாம் எஸ்ஏஎன்எஸ் 10254 என்ற தரத்தின்படி பொருத்தப்பட வேண்டும். அழுத்தம் கூடும்போது தண்ணீரை வெளியே விடத்தான் பாதுகாப்பு வால்விலிருந்து ஒரு குழாய் வீட்டுக்கு வெளியே வருகிறது. அதில் சொட்டுகிறதே என்று யாரும் அடைத்துவிடக் கூடாது. அது விடாமல் ஒழுகினாலோ சொட்டுத் தட்டின் குழாயில் தண்ணீர் வந்தாலோ டிபியில் கீசரை அணைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 2008இல் இந்நாட்டில் அதற்குத் தடை வந்தது. ஆனால் அதற்கு முன் கட்டிய எத்தனையோ வீடுகளில் கூரைத் தகடு, மழைநீர்க் குழாய், கூரை ஓரப் பலகை எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாகவே இன்னும் இருக்கின்றன. உடையாமல் சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. துளை போடுவது, ரம்பத்தால் அறுப்பது, தேய்ப்பது, பாசி போக்குகிறேன் என்று பிரஷர் வாஷர் அடிப்பது இவைதான் இழைகளைக் காற்றில் கிளப்பி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. நோய் பல பத்தாண்டு கழித்து வரும். அதனால் இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். அந்தத் தகடு பழுதானால் அகற்றுவதற்கென்று பதிவுபெற்றவர்கள் இருக்கிறார்கள்.

வாங்க வேண்டிய சாமான்கள்

பெரிய செட் பெட்டியாக வாங்க வேண்டாம். வாய் அகலம் மாற்றக்கூடிய ஷிஃப்டிங் ஸ்பேனர் ஒன்று, குறடு, தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு அளவில் திருப்புளி, சுத்தியல், அளக்கும் டேப், ரசமட்டம், கம்பி பிரஷ், சுரண்டும் தகடு, குழாயின் மரையில் சுற்றும் த்ரெட் டேப் என்னும் வெள்ளை நாடா. தொடங்க இவை போதும். ஹேமர் ட்ரில் விலை கூடியது. முதல் தடவை அண்ணனிடமோ பக்கத்து வீட்டு அங்கிளிடமோ இரவல் வாங்கலாம். கண்ணாடியும் தூசிக்கான முகக்கவசமும் மட்டும் உங்களுடையதாக, நல்லதாக இருக்கட்டும்.

எந்தப் பாகம் வாங்கப் போனாலும் கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பில்டர்ஸ், கேஷ்பில்ட் போன்ற பெரிய கடைகளில் எல்லாம் கிடைக்கும்தான். ஆனால் உங்கள் பகுதியிலேயே இருக்கும் சின்ன ஹார்ட்வேர் கடையில், பழைய வாஷரைக் கவுண்டர் மேல் வைத்தால் அங்கிள் பார்த்ததும் அளவைச் சொல்லிவிடுவார். ஒரே ஒரு வாஷரும் தருவார். புதியவர்களுக்கு அந்தக் கடைதான் நல்லது என்பேன்.

சொட்டும் குழாய்

முதல் வேலையாக இதை எடுங்கள். செலவு குறைவு, தவறினாலும் ஸ்டாப்காக்கைத் திறக்காத வரை ஒன்றும் ஆகாது. திருகித் திருகி மூடும் பழைய மாதிரிக் குழாயில் அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ந்தால்தான் சொட்டும். இன்னும் பலமாக இறுக்கினால் வாஷர் இன்னும் சீக்கிரம் தேயும்.

1. ஸ்டாப்காக்கை மூடுங்கள். சுடுநீர்க் குழாய் என்றால் அதற்கு முன்பே டிபியில் கீசரை அணைத்துவிடுங்கள்.

2. குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். வாஷ்பேசின் ஓட்டையில் துணியை அடையுங்கள், இல்லாவிட்டால் சின்னத் திருகு உள்ளே போய்விடும்.

3. கைப்பிடியின் மேலுள்ள சின்ன மூடியை நெம்பி எடுத்து, உள்ளே இருக்கும் திருகைக் கழற்றி, கைப்பிடியை மேலே இழுங்கள். உப்புப் பிடித்து வரவில்லை என்றால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

4. தெரிகிற பெரிய நட்டை ஸ்பேனரால் இடப்புறமாகத் திருப்புங்கள். மற்றக் கையால் குழாயின் உடலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் குழாய் முழுதாகச் சுழன்று கீழே இணைப்பு உடையும். பளபளப்பு கெடாமலிருக்க ஸ்பேனர் வாய்க்கும் நட்டுக்கும் நடுவே துணி வையுங்கள்.

5. தலைப்பாகம் கையோடு வரும். அதன் அடியில் வாஷர். சின்ன நட்டால் பிடித்திருந்தால் கழற்றி, அதே அளவில் புதியதைப் போடுங்கள்.

6. இப்போது குழாயின் உள்ளே விரலை விட்டு, வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. பள்ளம் தட்டினால் புது வாஷரும் நிற்காது. விளிம்பைச் சமப்படுத்தும் கருவி கடையில் கிடைக்கும், இல்லையென்றால் குழாயையே மாற்றுவது நல்லது.

7. திருப்பி மாட்டும்போது குழாய் பாதி திறந்த நிலையில் இருக்கட்டும். மூடிய நிலையில் இறுக்கினால் வாஷர் நசுங்கிவிடும்.

8. ஸ்டாப்காக்கை மெதுவாகத் திறந்து பாருங்கள். சுடுநீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றி ஓடிய பிறகே கீசரை ஏற்றுங்கள்.

மூக்கில் சொட்டாமல் கைப்பிடியின் அடியில் கசிந்தால் வாஷரில் குற்றமில்லை, தண்டைச் சுற்றியுள்ள ஓ ரிங் என்னும் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். கால் சுற்றில் திறந்து மூடும் புதிய மாதிரிக் குழாய்களில் வாஷரே கிடையாது. உள்ளே செராமிக் தட்டுகளுடன் ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும், அதை முழுதாக மாற்றுவார்கள். ஒன்றுபோலத் தெரிந்தாலும் தண்டின் பல் எண்ணிக்கை மாறும், கட்டாயம் பழையதைக் கொண்டுபோங்கள்.

தண்ணீர் நிறுத்தப்பட்டு மறுபடி வரும் நாட்களில் குழாயில் காற்றும் செந்நிறக் கலங்கலும் முதலில் வரும். அப்போது தோட்டத்துக் குழாயை முதலில் திறந்து தெளியும்வரை ஓடவிட்டு, பிறகு உள்ளே திறங்கள். சமையலறைக் குழாயின் மூக்கிலுள்ள வலையைக் கழற்றித் தட்டினால் மண் உதிரும். குழாயில் வேகம் குறைந்துவிட்டது என்று நினைப்பவர்களில் பலருக்கு அந்த வலை அடைத்திருப்பதுதான் காரணம்.

கழிப்பறைத் தொட்டி

பிரியாணிக்குப் போடும் எக் யெல்லோ பொடியில் ஒரு சிட்டிகையைத் தொட்டித் தண்ணீரில் கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே பேசினில் மஞ்சள் இறங்கியிருந்தால் அடி வால்வ் கசிகிறது. இங்கே பல தொட்டிகளில் இருப்பது பீட்டா வால்வ். அதன் ரப்பர் வாஷர் மட்டும் தனியாகவே கிடைக்கும். மஞ்சள் இறங்கவில்லை, ஆனால் தொட்டியில் தண்ணீர் ஏறி, மிகுந்த நீர் வெளியேறும் வழிகுழாய்க்குள் விழுகிறது என்றால் மிதவையைச் சரிசெய்ய வேண்டும். தண்ணீர் மட்டம் வழிகுழாயின் வாய்க்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி மிதவையை இறக்குங்கள். இறக்கியும் நிற்கவில்லை என்றால் உள்வரும் வால்வை மாற்றுங்கள்.

ஓதம் ஏறிய சுவர்

டர்பன் வீடுகளில் அதிகம் கேட்கும் குறை இது. அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். சுவரில் கறை, பெயிண்ட் கொப்புளம், வெள்ளை உப்புப் பூத்தல், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. எல்லாவற்றையும் ஓதம் என்றே சொல்கிறோம், ஆனால் காரணம் வேறு வேறு.

முதலில் சோதனை. கறை உள்ள இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சதுர அலுமினிய ஃபாயிலை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஃபாயிலின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

காற்றின் ஈரம் என்றால் பெயிண்ட் தீர்வாகாது. சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஜன்னலைத் திறங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு நகர்த்துங்கள். துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். பூஞ்சைக்கு, ஜிக் போன்ற வீட்டு ப்ளீச்சைத் தண்ணீர் கலந்து தடவி, பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ப்ளீச்சோடு வினிகரையோ அமோனியா உள்ள திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

ஈரம் உள்ளிருந்து வருகிறது என்றால் கறை இருக்கும் இடமே துப்புத் தரும். சீலிங் மூலையில் என்றால் ஓடு விலகியிருக்கும் அல்லது மழைநீர்த் தவாளி இலை அடைத்து வழியும். ஜன்னலுக்குக் கீழே என்றால் சட்டத்தைச் சுற்றிய இணைப்பு வெடித்திருக்கும். குளியலறைக்கு மறுபக்கச் சுவர் என்றால் குழாய். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரே மட்டமாக ஏறியிருந்தால் நிலத்தடி ஈரம்.

சாட்ஸ்வொர்த் போன்ற மேட்டுப் பகுதிகளில் இன்னொரு காரணம் உண்டு. மலைச்சரிவை வெட்டித்தான் பல வீடுகளுக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். காலப்போக்கில் மேட்டு மண் சரிந்து பின்சுவரை ஒட்டி ஏறிவிடுகிறது, அல்லது நாமே செடி வைக்க மண் கொட்டிவிடுகிறோம். சுவரின் அடியில் செங்கல் வரிசைக்கு நடுவே ஓதத்தடுப்புத் தாள் ஒன்று வைத்துக் கட்டியிருப்பார்கள். வெளியே மண்ணும் சிமெண்ட் தரையும் அந்தத் தாளுக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மண் அதற்கு மேலே ஏறினால் ஈரம் தாளைத் தாண்டி உள்ளே வரும். பல வீடுகளுக்கு ஒரு மண்வெட்டியும் ஒரு சனிக்கிழமையும்தான் மருந்து.

மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் இருந்தால் அதன் அடியிலுள்ள வடிகால் துளைகளை மழைக்காலத்துக்கு முன் குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள். 2022 ஏப்ரலில் குவாஸுலு நடாலில் பெய்த மழையில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எத்தனையோ சரிவுகளும் சுவர்களும் இடிந்தன. தண்ணீர் ஊறிய மண்ணின் எடை அப்படிப்பட்டது. சுவர் முன்னுக்குச் சாய்ந்திருந்தாலோ புது வெடிப்பு விரிந்துகொண்டே போனாலோ பூசி மூடாதீர்கள். பொறியாளர் வந்து பார்க்க வேண்டிய விஷயம் அது.

காரணத்தைச் சரிசெய்த பிறகு சுவரைக் காயவிடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். பொறுமை இங்கேதான் வேண்டும். காய்ந்ததும் உப்பை உலர்ந்த பிரஷால் மட்டும் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போகும். பொத்தென்று சத்தம் வரும் பூச்சை உளியால் தட்டி எடுத்துவிட்டு, ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஐந்து பங்கு பூச்சு மணல் கலந்து, சுவரை நனைத்து, பூசுங்கள். கடற்கரை மணலை எந்தக் காரணத்துக்காகவும் அள்ளி வராதீர்கள். அதிலுள்ள உப்பு சுவரில் ஆயுளுக்கும் பூத்துக்கொண்டே இருக்கும். பூச்சை இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, பிறகு சுமார் நான்கு வாரம் ஆறவிட்டு, ப்ளாஸ்டர் பிரைமர், அதற்கு மேல் பெயிண்ட்.

கடையில் உள்சுவருக்கு என்று நீர்த்தடுப்பு பெயிண்ட் விற்பார்கள். ஈரம் வந்துகொண்டிருக்கும் சுவரில் அதை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுவருக்குப் போகும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

காலத்தையும் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டர்பனில் வறண்ட காலம், சுவர் வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. நம் வீடுகளில் செப்டம்பர் நடுவில் வரும் புரட்டாசிக்கு முன்னால் எப்படியும் வீட்டை ஒழித்துக் கழுவுவோம். ஜூனிலேயே ஓதத்தைத் தேட ஆரம்பித்தால் புரட்டாசிக்குள் பெயிண்ட் காய்ந்திருக்கும். தீபாவளிக்கு அடித்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் மழை வந்துவிடும்.

துருப்பிடித்த கேட்டும் ஜன்னல் கம்பியும்

ப்ளஃப், அமான்சிம்டோட்டி, உம்லங்கா போன்ற கடலோரப் பகுதிகளில் இரும்பு கண்ணெதிரே கரையும். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிடுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. உப்பின் மேல் பூசிய எந்தப் பெயிண்டும் உரிந்துவிடும். பிறகு கம்பி பிரஷால் உதிர்கிற துருவை எல்லாம் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மிச்சத் துருவைக் கறுப்புப் பூச்சாக மாற்றும் திரவத்தைத் தடவி, அது கறுத்துக் காய்ந்ததும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், மேலே இரண்டு கை எனாமல். தேய்த்த இரும்பை இரவு முழுக்கத் திறந்தபடி விடாதீர்கள், காலையில் மறுபடி சிவந்திருக்கும். பழைய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம் என்பதால் தாளை நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வெளியே போடும் திருகுக்கு 316 வகை ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். 304 வகையைவிட அது உப்பைத் தாங்கும். மஞ்சள் முலாம் பூசிய சாதாரணத் திருகு ஒரு கோடையைத் தாண்டாது. அலுமினியச் சட்டத்தில் பித்தளைத் திருகு போடாதீர்கள். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும்.

பிளக் மாற்றுவது

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்குள்ள பெரிய மூன்று முள் பிளக் புதிதில்லை. ஊரில் ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் அதேதான், மின்னழுத்தமும் 230 வோல்ட். கம்பியில் பழுப்பு லைவ் (L), நீலம் நியூட்ரல் (N), பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பிளக்கின் உள்ளேயே எழுத்து பொறித்திருக்கும். எர்த் கம்பியை மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். வயர் இழுபட்டால் கடைசியாகக் கழல வேண்டியது அது. வெளி உறையைப் பிடிக்கும் கவ்வி, உறையின் மேலேயே இறுக வேண்டும், தனிக் கம்பிகளின் மேல் இறுகக் கூடாது. பிளக் கருகியிருந்தால் சாக்கெட்டும் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம், அதற்கு எலக்ட்ரீஷியன்.

ஒரு சின்ன வேலை: சாமி விளக்குக்கு அலமாரிப் பலகை

பழுதுகளைப் பார்த்துக் கை கொஞ்சம் பழகிய பிறகு புதிதாக ஒன்று செய்யலாம். மரத்துக்குப் பைன் பலகை போதும், ஆனால் மருந்தேற்றிய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் எச்2, வெளியில் எச்3 என்று முத்திரை இருக்கும். டர்பனில் இத்தாலியன் பீட்டில் என்று சொல்லும் வண்டு பைன் மரத்தை உள்ளிருந்தே தின்னும். கூரை மரத்தில் நீள்வட்ட ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அதுதான், உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

பச்சை நிறம் ஏறிய மருந்துப் பலகையின் வெட்டுத் துண்டுகளை எரிக்காதீர்கள். அதில் ஆர்சனிக் இருக்கிறது. பிராய் என்று இங்கே இறைச்சி சுடும் நெருப்பிலோ, பொங்கல் அடுப்பிலோ, ஹோமத்திலோ ஒரு துண்டு கூடப் போகக் கூடாது. விளக்குச் சூடும் எண்ணெயும் படும் சாமிப் பலகைக்கு, பச்சை ஏறாத பலகையையோ பழைய நல்ல மரத்தையோ எடுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது திரைச்சீலையிலிருந்து நன்றாகத் தள்ளியும், மேலே இன்னொரு மர அடுக்கு இல்லாமலும் பாருங்கள். சுவிட்ச், சாக்கெட் ஆகியவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போகும். குழாய்க்கும் அதே விதி.

ரசமட்டம் வைத்துப் பென்சிலால் குறியுங்கள். 6 மில்லிமீட்டர் கல் துளைக்கும் ட்ரில் முனையில், வால் பிளக்கின் (சுவர்த் துளைக்குள் இருந்து திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) நீளத்தோடு பூச்சின் தடிமனையும் சேர்த்து அளந்து டேப் சுற்றுங்கள், அதுவே ஆழ அடையாளம். முதலில் ஹேமர் இல்லாமல் மெதுவாகத் தொடங்கி, பூச்சைத் தாண்டிய பிறகு ஹேமரைப் போடுங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல், நல்ல பிடி கிடைக்கும். முனை சட்டென்று வெறுமைக்குள் விழுந்தால் சுவர் உள்கூடான சிமெண்ட் பிளாக், அதற்கென்று விரியும் பிளக் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். துளையிலுள்ள தூளை ஊதி எடுத்து, பிளக்கைச் சுவரோடு சமமாகத் தட்டி இறக்கி, பலகையைத் தாங்கும் தாங்கியை வைத்து 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள திருகைப் போடுங்கள்.

பலகையை மாட்டிய அன்றே விளக்கு வைக்க வேண்டாம். ஐந்து கிலோ அரிசிப் பையை ஓர் இரவு அதன்மேல் வைத்துப் பாருங்கள். காலையில் தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விழுந்திருந்தால், திருகைக் கழற்றி, அந்தத் துளைகளைப் பாலிஃபில்லா என்னும் துளை அடைக்கும் பசையால் அடைத்துவிட்டு, ஒரு கை அகலம் தள்ளிப் புதிதாகத் துளை போடுங்கள். இடைவெளி இல்லையென்றால் பித்தளைத் தட்டு ஒன்றைப் பலகையில் வைத்து, அதன்மேல் விளக்கை வையுங்கள்.